மைல் பந்தயத்தில் நான் ஓடவில்லை என்பது குறித்து

அனுப்புநர்:
மு. அய்யாவு,
ரயில்வே உதவி ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு),
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
கல்லூரி மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
பொதுக் கல்லூரி,
கோலாலம்பூர்.

பொருள்: கல்லூரி மண்டபத்துக் கௌரவப் பலகையில் 1927ஆம் வருஷத்து மைல் பந்தயத்துக்கு நேராக உள்ள என் பெயரை நீக்கி, ஓடியவனாகிய என் மகன் ரெங்கசாமியின் பெயரை எழுதவும், எனக்குத் தந்திருக்கும் தேகப்பயிற்சி உபாத்தியாயர் உத்தியோகத்தை அவனுக்கே தரவும் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் அறுபது வயதானவன். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்து, வலது முழங்கால் மடங்காத நிலையில் ஓய்வு பெற்றேன். வருகிற திங்கட்கிழமை முதல் நான் தங்கள் மேற்பார்வையிலுள்ள கல்லூரியில் தேகப்பயிற்சி உபாத்தியாயராக நியமிக்கப்பட்டிருப்பதாகக் கல்லூரிக் கமிட்டியிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது. அதில் என் கால்களின் வேகம் பாராட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாராட்டுக்கு என் நன்றியை முதலில் தெரிவித்துவிட்டுக் குறைக்கு வருகிறேன்.

2. இதே விஷயமாகக் கமிட்டிக்கு இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். அவை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டன என்பதைப் பின்னால் சொல்கிறேன். தாங்கள் தமிழ்ப் பரீட்சையில் தேறியவர் என்று கேள்விப்பட்டதால் இம்முறை தமிழில் எழுதத் துணிந்தேன். தமிழில் இது சிறிய விஷயம். அய்யாவு என்பது அப்பா. ரெங்கசாமி என்பது மகன். ஓடியவன் மகன். நியாயமாகப் பார்த்தால் மனு இத்துடன் முடிந்துவிட வேண்டும். முடியாத காரணத்தால் தொடர்கிறேன்.

3. சென்ற வருஷம் கல்லூரி மண்டபத்தில் தங்க எழுத்துப் பொறித்த ஒரு தேக்குப் பலகை மாட்டப்பட்டது. அதன் இடப்பக்கம் புகழ்பெற்ற பட்டதாரிகள்; வலப்பக்கம் விளையாட்டுச் சாதனைகள்; நடுவில் கல்லூரி முத்திரையும் லத்தீன் மொழியில் ஒரு வாசகமும். வாசகத்துக்கு என்ன பொருள் என்று விசாரித்தேன். ‘உண்மையே பெரிது’ என்றார்கள்.

இடப்பக்கத்தில் ஏறுவதற்குப் பல வழிகள் இருந்திருக்கின்றன. ஒருவர் அம்மை நோயை ஆராய்ந்தார். ஒருவர் நகரத்துச் சாக்கடைகளைப் பற்றி நூல் எழுதினார். ஒருவர் பலகைக்கு வேண்டிய தேக்கை நன்கொடையாகத் தந்தார். வலப்பக்கத்தில் ஏறுவதற்கு ஒரே வழிதான்: மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போய்ச் சேராத நான் அந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே என் முறையீடு.

4. இது நேர்ந்த விதம் வருமாறு. பலகையில் இடம் போதாததால் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் மட்டும் போதும் என்று கமிட்டி தீர்மானித்தது. வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கடைசியில் வரும் என்பதால் கடைசிச் சொல்லை எடுத்தார்கள். சீனர்களுக்கு முதலில் வரும் என்று விசாரித்து அறிந்து முதல் சொல்லை எடுத்தார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒருவனுக்கு அவன் பெயர் உண்டு, அவன் இன்னாருடைய மகன் என்பதற்குத் தகப்பன் பெயர் உண்டு, அத்தோடு சரி. இல்லாத ஒன்றை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று கமிட்டி ஒரு முழுக் கூட்டம் ஆலோசித்ததாம். ‘ரெங்கசாமி, தகப்பனார் அய்யாவு’ என்றிருந்ததில் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

இதன்படி, இக்கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய தமிழர்கள் எல்லோரும் எங்கள் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பலர் இப்போது புகழ்பெற்ற பட்டதாரிகள்.

5. கிள்ளானில் விறகுக்கடை வைத்திருக்கும் மாணிக்கம் என் பழைய சிநேகிதர். அவர் மகன் தியாகராஜன் இங்கே படித்து, இப்போது தைப்பிங்கில் டாக்டர். பலகையின் இடப்பக்கத்தில் டாக்டர் மாணிக்கம் என்று இருக்கிறது. அந்தச் செய்தி கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, விறகு வாங்க வருகிறவர்கள் அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். “நான் விறகு நிறுத்துப் போடுறவன்யா” என்று அவர் சொன்னால், “பெரிய டாக்டருங்க இப்படித்தான் தன்னடக்கமாப் பேசுவாங்க” என்கிறார்களாம். கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தார். இப்போது சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுக்கிறார். யாரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை என்று அவர் என்னிடம் சொன்னார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

என் நிலை அவ்வளவு சௌகரியமானதல்ல. இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருந்தேன். படிக்கட்டின் அடியில் கைத்தடியை ஊன்றி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய ரயில்வே கூட்டாளிகள் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். “மைல் சாம்பியன் அண்ணே, நீங்க ஒரே மூச்சுல ஏறிடுவீங்க. அப்படியே எங்க காவடியையும் தூக்கிட்டுப் போயிடுங்களேன்!” என்றார் ஒருவர். “வழி விடுங்கய்யா, அவர் ஓடிவந்தா நிறுத்த முடியாது” என்றார் இன்னொருவர். மனுவில் எழுதத்தக்க பேச்சல்ல என்றாலும், பலகையின் பலன் எதுவரை பரவியிருக்கிறது என்பதற்காகச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அன்று நான் மலை ஏறவில்லை. முருகனைக் கீழிருந்தே கும்பிட்டேன்.

6. பந்தய தினத்தன்று நான் எங்கே இருந்தேன் என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கல்லூரிக்காரர்கள் வந்து கலந்துகொண்ட விளையாட்டு விழா அது. மைல் பந்தயம் நடந்த நேரத்தில் நான் கிள்ளான் பாதையில் ஒரு சிறு ஸ்டேஷனில் வேலையில் இருந்தேன். துறைமுகத்திலிருந்து வந்த கூட்ஸ் வண்டியை ஓரமாக நிறுத்தி, எதிரே வந்த பாசஞ்சர் வண்டிக்கு வழி கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்த இரண்டு வண்டிகளும் சந்தித்திருக்கும். சந்திக்கவில்லை என்பதற்கு அந்தப் பாசஞ்சரில் வந்த பிரயாணிகள் இன்றும் உயிரோடிருந்து சாட்சி சொல்வார்கள்.

அன்றைக்கு லீவு கேட்டிருந்தேன். மாற்று ஆள் இல்லாததால் கிடைக்கவில்லை. ஆகையால் என் மகன் ஓடுவதை நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றான். அந்தப் பந்தயத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அவ்வளவே. வெற்றி பெற்றவனுக்கு இதைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கமிட்டியே ஒப்புக்கொள்ளும்.

7. பலகை மாட்டியவுடன் எழுதிய முதல் கடிதத்தில், பந்தயத்தில் ஓடியது என் மகன் என்று தெரிவித்தேன். ஓட்டத் திறமை எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்கும் வந்திருப்பதை அறிந்து மகிழ்வதாகக் கமிட்டியின் காரியதரிசி பதில் எழுதினார். இரண்டாவது கடிதத்தில், நான் ஓடவே இல்லை என்றும் என் முழங்கால் மடங்காது என்றும் தெரிவித்தேன். இத்தகைய அடக்கமே உண்மையான விளையாட்டு வீரனுக்கு அழகு என்று பதில் வந்தது. கூடவே மண்டபத்தில் மாட்டுவதற்கு என் புகைப்படம் ஒன்றையும் கேட்டிருந்தார்கள். நான் அனுப்பவில்லை.

8. இதுவரை சொன்னவற்றால் எனக்குக் கேலிதான் மிச்சம். அதற்காக மட்டும் தங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கல்லூரிக்குத் தேகப்பயிற்சி உபாத்தியாயர் ஒருவர் வேண்டுமென்றும், பலகையின் வலப்பக்கத்தில் உள்ளவர்களுக்கே அந்த இடம் என்றும் கமிட்டி சென்ற மாதம் விளம்பரம் செய்தது. என் மகன் விண்ணப்பம் போட்டான். ஒரே நாளில், ஒரே தபால்காரர் கையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன.

பலகையில் ரெங்கசாமி என்று எவரும் இல்லை. பிறர் பெற்ற வெற்றியைத் தன்னுடையதாகக் கூறிக்கொள்வது படித்தவருக்கு அழகல்ல என்றது அவனுக்கு வந்த கடிதம். விண்ணப்பமே போடாத எனக்கு வந்தது நியமன உத்தரவு.

அதை மறுத்துவிடலாம் என்றால், நான் மறுக்கும் பட்சத்தில் அந்த இடம் பலகையில் எனக்கு அடுத்தபடியாக உள்ள, கம்பு ஊன்றித் தாண்டியவருக்குப் போகும் என்று உத்தரவின் அடியில் எழுதியிருக்கிறது. ஏற்றுக்கொள்ளலாம் என்றால் என்னால் ஒரு படிக்கட்டைக்கூட ஏற முடியாது. இரண்டில் எதைச் செய்தாலும் இழப்பவன் என் மகன்.

9. கல்லூரியின் தலைமைக் கிளார்க் திரு. ஜெயராஜைப் போய்ப் பார்த்தேன். அவரும் தமிழர், அந்தப் பந்தயத்தை நேரில் பார்த்தவர். “எனக்குத் தெரியாதா அண்ணே? கடைசிச் சுத்துல மத்தவங்கல்லாம் ஓடினாங்க. உங்க பையன் பசியோட வீட்டுக்குப் போற மாதிரி போனான்லா!” என்றார். இதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். “தங்கத்துல எழுதினது தப்புன்னு நான் மையில எழுதினா எவன் நம்புவான்?” என்றார். பிறகு எனக்கு ஒரு யோசனையும் சொன்னார்: “பேசாமத் தம்பியை அய்யாவுன்னு சொல்லிக்கிட்டு வரச் சொல்லுங்க. நான் இல்லையா? இந்த ஆபீஸ்ல என்னை எல்லாரும் ஞானமுத்துன்னுதான் கூப்பிடுறாங்க. அது எங்க அப்பா பேரு. அவர் செத்தே ரொம்ப வருஷமாச்சு. போன மாசம் அவருக்குப் பதவி உயர்வு குடுத்திருக்காங்க.”

திரு. ஜெயராஜ் நல்லவர். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் சொன்ன யோசனையை மகனிடம் சொன்னேன். “உங்க பேர்ல நான் போயிட்டா, என் பேர்ல யாருப்பா இருப்பா?” என்று கேட்டான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் வேலைக்காலத்தில் வந்த எந்தச் சுற்றறிக்கையும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

10. அவன் நிலையையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தான். வியாபார மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது சென்ற வருஷம் வேலை போயிற்று. இப்போது கிள்ளானில் மாணிக்கத்தின் கடையில் விறகு பிளக்கிறான். இந்த உத்தியோகமும் கிடைக்காவிட்டால், வேலையற்றவர்களைத் திருப்பி அனுப்பும் கப்பலில் பெயர் கொடுத்து நாகப்பட்டினம் போவதாகச் சொல்லியிருக்கிறான். அங்கே அவனுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவன் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். நடக்கப் பழகியது தண்டவாளத்து ஓரத்தில். “திருப்பி அனுப்புறாங்களாமே, இங்கேயே பொறந்தவனை எங்கே திருப்புறது?” என்று என் மனைவி புஷ்பவல்லி கேட்கிறாள். வண்டிகளைத் திருப்புவதற்கான விதிகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். அவள் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

11. ஆகவே நான் ஒருபோதும் ஓடிப் பெறாத அந்த வெற்றியை, எந்த நிபந்தனையுமின்றிக் கல்லூரிக்கே திருப்பித் தந்துவிடுகிறேன். அதை உரியவனுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பலகையில் பெயரை அழிக்க இயலாதென்றால் என் பெயர் அங்கேயே இருக்கட்டும். அதற்கு முன்னால் ரெங்கசாமி என்று எழுத இடமிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவன் என் மகன் என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

12. தங்கள் முடிவு திங்கட்கிழமைக்குள் வராமலும் போகலாம். ஆனால் உத்தரவு உத்தரவுதான். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. லீவு கேட்டுக் கிடைக்காத அந்த ஒரு நாளும் போனேன். எனவே திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லூரி மைதானத்தில் ஆஜராவேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவ்வளவு தூரம் நடக்க எனக்கு ஒரு தோள் வேண்டும் என்பதால் ரெங்கசாமியும் என்னோடு வருவான். அவன் வரச் சம்மதித்தது இதற்கு மட்டுமே. மற்றதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மற்றது இதுதான். புதிய உபாத்தியாயர் முதல் நாளில் மாணவர்களுக்கும் கமிட்டியாருக்கும் முன்பாக ஒரு மைல் ஓடிக் காட்ட வேண்டும் என்று உத்தரவின் மூன்றாவது பிரிவு சொல்கிறது. ஓடுவது எனக்குத் தெரியாது. அனுப்பிவைப்பது தெரியும். என்னிடம் பழைய பச்சைக்கொடி ஒன்று இருக்கிறது. கோட்டருகில் அவனை நிறுத்திவிட்டு அதைக் காட்டுவேன். காட்டினால் போய்விடுவான், சிறு வயதில் ஸ்டேஷன் வாசலில் அவனை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்புவேன்.

தாங்களும் அந்நேரம் மைதானத்துக்கு வந்து, ஓடுகிறவர் அய்யாவுதானா என்று தங்கள் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யும்படி வேண்டுகிறேன். எனக்குப் பக்கத்தில் நிற்கலாம். அன்றைக்கு எனக்கு அனுப்ப வேண்டிய வண்டி வேறு எதுவும் இல்லை. நானும் அவன் ஓடுவதை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறேன்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
நாள்: 28 ஜனவரி 1932

இப்படிக்கு,
1927ஆம் வருஷத்து மைல் பந்தயத்தில் ஓடாதவனும்,
ஓடியவனுடைய தகப்பனுமாகிய,

மு. அய்யாவு
(கையொப்பம்)