பெஞ்சிலிருந்து ஒரு சத்தம்

ஒட்டம்வா, அயோவா
1913 நவம்பர் 17

அன்புள்ள ஆரின்,

நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதமே நாலு வரி. அதில் மூன்று உங்கள் ஆட்டக்காரன் லேமனைப் பற்றி.

போன வாரம் நீங்கள் கிளம்பியதும் அப்பா சிரித்தார். "வசந்தம் வந்தா பேஸ்பால் சொல்லிக்குடுக்கிறான், இலை உதிர்ந்தா ஃபுட்பால். எப்பதாம்மா வேலைக்குப் போவான்?"

பெல்டன் கல்லூரிக்கு மைதானமே இல்லாதபோது சோளக்கொல்லையை மாணவர்களோடு நீங்களே சமன்படுத்தியதைச் சொன்னேன். ஐந்து வருடத்தில் மாநிலமே திரும்பிப் பார்க்கிறது என்றேன்.

"நீதான் சொல்ற. அவன் வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?"

இரண்டு வருடமாக எங்கள் கூடத்தில் வானிலை மட்டும் பேசிவிட்டுப் போகிறவரை வேறென்ன சொல்வார்?

சனிக்கிழமை ஜெயித்தால் வேலை நிலைக்கும், அந்தக் கையோடு பெண் கேட்பேன் என்றீர்கள். காத்திருக்கிறேன்.

உங்கள்
லவீனியா


பெல்டன்
நவம்பர் 24

அன்புள்ள லவீனியா,

தோற்றோம். என்னால்.

ஆட்டம் நடக்கையில் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அணிக்குத் தண்டனை. ஐந்து வருடம் தொப்பியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நிமிடம். நாங்கள்தான் முன்னிலை. பந்து அவர்களிடம், எங்கள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். தலையில் அடிபட்டு எழுந்த லேமன், எதிரணி வரிசையில் போய் நின்றான். கூட்டம் சிரித்தது. கேப்டன் அவனை இழுத்து வந்து இடத்தில் நிறுத்தினான். அடுத்த மோதல் அவன்மேல்தான் விழும்.

"லேமன்! வெளிய வாடா! உக்காருடா!" என்று கத்திவிட்டேன். அவன் வெளியே வந்தான்.

தண்டனையாகப் பந்தைக் கோட்டுக்கு இன்னும் அருகே நகர்த்தி வைத்தார்கள். அடுத்த தள்ளலிலேயே கோட்டைத் தாண்டி ஜெயித்துவிட்டார்கள்.

இன்று காலை நிர்வாகக் குழு என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. லேமன் பிழைத்துக்கொண்டான், பேரைக் கேட்டால் சரியாகச் சொல்கிறான். உன்னை என் வாக்கில் கட்டி வைக்க மனமில்லை. நீ விடுபட்டவள்.

ஆரின்


ஒட்டம்வா
நவம்பர் 25

அன்புள்ள ஆரின்,

எனக்கு வந்த கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டுகிறவள் இல்லை நான். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "கத்துனா தோத்துருவோம்னு தெரியுமா அவனுக்கு?"

"தெரியும்ப்பா."

"நேரத்துக்குப் போறது பெருசுதான். தண்டவாளத்துல ஆள் நிக்கிறப்ப வண்டிய நிறுத்தாதவன் டிரைவரா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாய் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

விடுபட நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்பேன். வந்து அப்பாவிடம் நீங்களே கேளுங்கள். எங்கள் கூடத்தில் பேசினால் தண்டனை கிடையாது.

உங்கள்
லவீனியா