கடைவாய்ப் பல்லும் கோட்பாடும்

மார்ச் 2, திங்கள்
அகராதி அலுவலகத்தில் இன்று என் தலையில் விழுந்த சொல் ‘கோட்பாடு’. நம்பிக்கை, கொள்கை, சித்தாந்தம், தத்துவம் என்று ஒரு பங்காளிக் கூட்டமே அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. யாருக்கு எது பங்கு என்று வெள்ளிக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். "உதாரணத்துக்கு மதத்தைத் தொடாதீங்கம்மா, வாசல்ல வந்து நிப்பாங்க" என்றார் ஆசிரியர். சமயச் சொல்லுக்குச் சமயம் இல்லாத உதாரணம். நல்ல கதை!

மார்ச் 3
உதாரணம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. இவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டரிடம் போகச் சொன்னால், "உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கும். அதுல நாம கை வைக்கக் கூடாது. இது என் கொள்கை" என்கிறார். சொல்வது யார்? ஊரிலுள்ள ஃபிரிட்ஜுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் மெக்கானிக். போகிற வீட்டிலெல்லாம், "லேசா சத்தம் வந்தப்பவே கூப்பிட்டிருக்கலாமே" என்று கடிந்துகொண்டு வருகிற மனிதர்.

எழுதிக்கொண்டேன்: ‘உடம்பு தானே சரியாகும்’ என்று மனதுக்குள் வைத்திருந்தால் நம்பிக்கை. கன்னம் வீங்கினாலும் அதன்படியே நடந்தால் கொள்கை.

மார்ச் 4
தத்துவம் என்றால் உடம்பு எது, சரியாவது எது என்று கேள்வி கேட்கும். இவர் கேட்கிற நிலையில் இல்லை. சாப்பாட்டையெல்லாம் கரைத்துக் குடிக்கிறார்.

சித்தாந்தம் வேறு. எதிர்த்தரப்பு சொல்வதை முழுக்கக் கேட்டு, பதில் சொல்லி, கடைசியில் நிலைநாட்டுகிற முடிவு அது. எதிர்த்தரப்பாக நான் வாயைத் திறந்தேன். இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். ஆகவே சித்தாந்தமும் இல்லை.

கோட்பாடுதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. அதற்கும் கொள்கைக்கும் நடுவில் எங்கே வேலி போடுவது?

மார்ச் 5
என் வரைவை ஆசிரியர் கூட்டத்தில் உரக்கப் படித்தார். ஒரே சிரிப்பு. "யாரும்மா இந்தக் கன்னம் வீங்கினவர்?"

"தூரத்துச் சொந்தம் சார்."

மார்ச் 6
சிரிப்பெல்லாம் போச்சு. மகள் பள்ளியிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். நல்ல காய்ச்சல், காதில் சீழ். டாக்டரிடம் போகலாம் என்றதும் கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வரமாட்டேன். உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கும். அதுல நாம கை வைக்கக் கூடாது."

ஒரு எழுத்து பிசகவில்லை.

"யாருடி சொன்னது?"

"அப்பாதான் சொல்லிக் கொடுத்தாங்க."

இவர் கருவிப்பெட்டியோடு அறை வாசலில் நின்றிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ— கொள்கையாம் கொள்கை! குழந்தைக்குக் காது போயிட்டா என்ன பண்றது? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். இவர் பெட்டியைக் கீழே வைத்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பா சொன்னது தப்பு, பாப்பா."

"அப்போ நீங்க ஏன் போகல?"

கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பயம்" என்றார்.

நாலு நாளாக எத்தனை சொல் புரட்டினேன். இது மட்டும் தோன்றவே இல்லையே எனக்கு?

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் கீழே, காது டாக்டர் மாடியில். "முதல்ல நீங்க" என்று அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இவர் அவளையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையை அவளிடம் கொடுத்தார். "லேசா வலிச்சப்பவே வந்திருக்கலாமே" என்று கடிந்துகொண்டார் பல் டாக்டர். வாயில் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை, பாவம்.

காதுக்கு ஆபத்தில்லையாம். மருந்துச் சீட்டை வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மார்ச் 9
காதில் சீழ் நின்றுவிட்டது. கெஞ்சி வாங்கிய தவணையில் எழுதிக் கொடுத்தேன்: ‘கோட்பாடு: ஒருவர் கொண்டதோடு நில்லாமல், பிறருக்குக் கற்பிக்கப்படுவது.’ உதாரணம் மட்டும் பாக்கி.

வீட்டுக்கு வந்தால், மகள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறாள். கடைசி பொம்மைக்குப் பக்கத்தில் இவரும் சம்மணம் போட்டிருக்கிறார்.

"வலிச்சா உடனே சொல்லணும். பயமா இருந்தா, அதையும் சொல்லணும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க!"

இவர் சொன்னார்.