ஒரு கண் காணாதாம்

யேசு மரி சூசை துணை

குருநகர்,
கார்த்திகை மாதம்

அன்பு மகள் லவீனாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், பிரான்சுக் குளிரில் நீயும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். உனக்கு எக்ஸ்ரே வேலை என்று கேள்விப்பட்டு கனிசியஸ் மாமா தன் முழங்கால் படத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் பார்க்கிறது தலைமயிரை ஆயிரமாகக் கீறின அளவுச் சாமான் என்றேன், அப்படியென்றால் என் முழங்கால் இன்னும் வடிவாய்த் தெரியுமே என்கிறார், நான் என்ன சொல்ல.

அப்பாவின் இடக்கண்ணைப் பற்றித்தான் எழுத வந்தேன். வெள்ளை படர்ந்த நாளிலிருந்து ஒப்பரேசன் என்றாலே மனிசன் எழும்பிப் போய்விடுவார். உள்ளதும் போய்விடும் என்ற பயம், வெளியில் சொல்வதோ கடலுக்குப் போனால் கோயில் கோபுரம் பார்த்துக் கரை பிடிக்க ஒரு கண் காணும், அது போதும் என்று. போன மாதம் வள்ளத்தில் ஏறப்போய்த் தண்ணீருக்குள் கால் வைத்தார், உனக்குச் சொல்ல வேண்டாமென்றார், சொல்லிவிட்டேன். இறந்தோர் நாளன்று சேமக்காலையில் உன் பெரியப்பாவின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நெருப்புக்குச்சி திரிக்கு முன்னால் எரிகிறதே தவிர திரியில் படவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டு, காத்து அடிக்குது என்றார். பக்கத்துக் கல்லறையில் திரியெல்லாம் ஆடாமல் எரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று பின்னேரம்தான் நீ போன் எடுத்தாய். உன் எக்ஸ்ரே மெசினில் பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தால் கதிர் பட்டுக் கருகிவிடும், அதனால் இரண்டு பக்கத்தால் ஒரே நேரத்தில் இரண்டு படம், எங்கள் இரண்டு கண் மாதிரி, அப்போதுதான் எது முன்னுக்கு எது பின்னுக்கு என்று தெரியும் என்றாய். "உவ்வளவு பெரிய மெசினுக்கும் ஒரு கண் காணாதோ பிள்ளை?" என்று அப்பா கேட்டார். காணாதப்பா, ஒன்றென்றால் தட்டைதான் என்று நீ சிரித்தாய். சேமக்காலைக் கதை உனக்கு எங்கே தெரியும். பக்கத்தில் மனிசன் சுட்ட விரலையே தடவிக்கொண்டிருந்தார்.

நேற்றுத் தானாகவே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒப்பரேசனுக்குத் திகதி எடுத்து வந்திருக்கிறார். என்ன புதினம் என்று கேட்டேன். "எத்தினை வருசமாப் பிள்ளையைப் போனிலை தட்டையாத்தான் பாக்கிறன், அவள் வாற நேரம் ரண்டு கண்ணாலையும் பாக்கவேணும்" என்றார்.

மகளே, மாதா உன்னைக் காப்பாளாக, நேரத்துக்குச் சாப்பிடு. கட்டு அவிழ்த்தால் கண் தெளியக் கொஞ்ச நாள் செல்லுமாம். அந்த மனிசன் தன் பயத்தை விட்டுவிட்டார், நீ இனி லீவு இல்லை என்று சொல்லாதே. கண் தெளிகிற நேரம் முன்னால் நீ நிற்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
செ. யோசப்பின்