குலுக்கல் இல்லாத காசினோ

மார்ச் 1, சனி

இதனால் வெரிங்கா நகரப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: கரும்பாலை ஃபிட்டரும், ஊரறிந்த ரப்பர் செருப்புக்காரரும், எனக்குத் தந்தையுமான திருவாளர் ஆல்டோ பவெட்டோ அவர்கள் இன்று முற்பகல் ஷூ வாங்கினார். கறுப்பு. கயிறு வைத்தது. கல்யாணத்துக்கே செருப்போடு போன மனிதர் — அதுவும் அவருடைய கல்யாணத்துக்கு.

காரணம், காசினோ. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அங்கே இருக்கும் சின்ன மேடையில் அப்பா பாடப்போகிறார். மூன்று வாரம் சோதனை. கூட்டம் சேர்ந்தால் நிரந்தரம். சேராவிட்டால் மறுபடி குளியலறைதான். அதுவும் நிச்சயமில்லை. இரண்டு வருஷம் முன் அம்மா தனியாகப் பிரிஸ்பேனுக்குக் குடிபோனதிலிருந்து அவர் அங்கேகூடப் பாடுவதில்லை. சோப்பு மட்டும் நிம்மதியாக இருக்கிறது.

நானும் போகிறேன். பாட்டுக்காக என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். போன வாரம் எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. இனி சட்டப்படி சூதாடலாம். நாளை ரென்சோ பவெட்டோ காசினோவைக் காலி செய்வான்.

மார்ச் 2, ஞாயிறு

காசினோ ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தது.

வாசலிலேயே தடங்கல். காவலுக்கு நிற்கும் நோலீன் என் காலைப் பார்த்தார்.

"செருப்போட உள்ள விட முடியாது தம்பி. இரு, வர்றேன்."

யாரோ விட்டுப்போன பொருட்களெல்லாம் கிடக்கும் பெட்டியிலிருந்து இரண்டு ஷூ எடுத்து வந்தார். ஒன்று பழுப்பு, கடிக்கிறது. மற்றது கறுப்பு, குடித்தனமே நடத்தலாம்.

"ஒத்தை ஒத்தையா ஷூவை விட்டுட்டுப் போறது யாரு, அக்கா?"

"ஜெயிச்சவங்க இல்லப்பா."

உள்ளே சரவிளக்கு, வால்கோட்டு ஆசாமிகள், நீள கவுன் அழகிகள் எல்லாம் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சரவிளக்கில் பாதி எரியவில்லை. கம்பளம் பீட்சாவை மென்று துப்பிய நிறம். ரூலெட் சுழல்மேசையைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வெள்ளி, சனி மட்டும்தானாம். 'இறால் விருந்து' என்று ஒரு போர்டு. இறால் அந்தப் போர்டில் மட்டும்தான் இருந்தது. காசு போட்டுப் படம் சுழலவிடும் போக்கி எந்திரம் என் இருபது டாலரைப் போக்கிவிட்டு ஒரு கோமாளி முகத்தைக் காட்டியது. பெயரிலேயே எச்சரித்திருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை: காசு, இனி, நோ.

அப்பாவின் மேடைக்கு முன்னால் ஆறு பேர். ஒருவர் தூக்கம். இருவர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். மிச்சப்பேர் டிவியில் ஃபுட்டி மேட்ச் பார்த்தார்கள். அப்பா தன் புது ஷூவைப் பார்த்துக்கொண்டே பாடினார். குரல் மோசமில்லை. அவ்வளவுதான் எழுதுவேன்.

திரும்பும்போது காரில்:

"ஏசி நல்லா இருந்துச்சு, இல்ல?"

"சூப்பர்ப்பா. தூங்கினவருக்கு ஒரு போர்வை குடுத்திருக்கலாம்."

அடுத்த சிக்னல் வந்த பிறகுதான் சிரித்தார்.

மார்ச் 3, திங்கள்

நான் வேலை பார்க்கும் டயர் கடையில் எல்லோரும் கேட்டார்கள், கூட்டம் எப்படி என்று. ஒருத்தர்கூட நிற்கவில்லை என்றேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களே, பொய்யா?

மார்ச் 5, புதன்

மர்மம் துலங்கியது. துலக்கியவன் என் நண்பன் கோடி. பெயர்தான் கோடி, கையில் தம்பிடி கிடையாது. கசாப்புக் கடையில் வேலை.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இந்த ஊர்ல எவன்டா காசினோவுக்கு வருவான்? பந்துருட்டுற கிளப்ல கறிக்குலுக்கல் நடக்குதுடா லூசு. தட்டைத் தூக்கிட்டுப் போறதே நான்தான்."

ஆமாம். மொத்த வெரிங்காவும் அங்கேதான் கிடக்கும். இரண்டு டாலர் சீட்டு; எண் விழுந்தால் சாப்ஸ், சாசேஜ், பேகன் அடுக்கிய தட்டோடு வீட்டுக்குப் போகலாம். பூட்டிய பெட்டகத்தை உடைத்தவன்போல அந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் பல்மருத்துவர்கூட.

கூட்டம் கறியின் பின்னால் போகிறது. அப்படியானால் கறியைக் காசினோவுக்குக் கொண்டுபோனால்?

என் மூளைக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று: 'ஞாயிறு மூன்றரை மணி, காசினோ மேடை, பெரிய தட்டு.' தட்டு கோடி கொண்டுவருவான். பாட்டு பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் கறி பற்றிச் சொல்லவில்லை. இதற்குப் பெயர்தான் நிர்வாகத் திறமை.

மார்ச் 9, ஞாயிறு

வந்தார்கள். அய்யோ, எப்படி வந்தார்கள்! நாற்காலி பற்றாமல் சுவரோரம் நின்றார்கள். அப்பா திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ரென்சோ, இவ்வளவு பேராடா!" என்றார். அப்படி ஒரு முகம் — அதை எப்படி எழுதுவது, விடு.

இந்தத் தடவை ஷூவைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துப் பாடினார். ரெண்டாவது பாட்டுக்குக் கைதட்டல் நிஜமாகவே வந்தது. மூன்றாவது பாட்டு நடுவில் மேனேஜர் வந்து, கோடி கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"என்னது இது?"

"கறிக்குலுக்கல் சார்."

"அனுமதி இருக்கா? இங்க அதெல்லாம் நடத்தக்கூடாது. சூதாட்டம்."

சுற்றிலும் நூறு எந்திரம் டிங் டிங் என்கிறது! இந்த ஊரில் ஒரு சாசேஜுக்காகச் சூதாட முடியாத ஒரே இடம் காசினோதான்.

"என்னப்பா, குலுக்கல் இல்லியா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. இப்போதே கிளம்பினால் கிளப்பில் கடைசித் தட்டையாவது பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு எழுந்து போனார்கள். அப்பா பாடிக்கொண்டேதான் இருந்தார். பிறகு அரை வரியில் நிறுத்தினார். கோடி தட்டோடு ஓடிவிட்டான். என்னைக் காவலர் இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்கள். ஆயுள் தடை.

காரில் அப்பா கேட்டார்: "சுவரோரமா நின்னாங்களே... அவங்களும் கறிக்குத்தான் வந்தாங்களா?"

"ம்."

"சரி."

சரியாம். சரி! ஒரு திட்டு திட்டியிருக்கலாம்ல? ஏன்டா ரென்சோ, உனக்கு மூளைன்னு ஏதாவது இருக்கா? ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் மனுஷன் வாயத் தொறந்தாரு, அதுல கொண்டுபோய் பன்னிக்கறிய அடைச்சிட்டியே.

மார்ச் 10, திங்கள்

அப்பாவின் ஷூ மறுபடி டப்பாவுக்குள் போய்விட்டது.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். (ஆயுள் தடை இரண்டு நாளில் முடிந்ததாக வைத்துக்கொள்ளவும்.) காத்திருந்த நேரத்துக்கு இலவசக் காப்பி என்றார்கள், காப்பி எந்திரம் பழுது. மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றாவது ஞாயிறு தேவையில்லை, அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டோம் என்றார். அப்பா என்னிடம் சொல்லவே இல்லை.

வாசலில் நோலீன் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, உங்கப்பா பாதியில விட்டாரே, அந்தப் பாட்டு எப்படி முடியும்? எங்க வீட்டுக்காரர் கார்ல போற வழியெல்லாம் அந்த அரை வரியையே முனகிட்டு வந்தாரு. தாங்கல."

"அவரும் கறிக்குத்தானே வந்தாரு?"

"கறிக்குத்தான் வந்தாரு. வந்த இடத்துல கேட்டாரு. தப்பா? கிளப்ல குலுக்கலுக்கு நடுவுல சும்மாதான் கத்திட்டு உக்காந்திருக்கோம். கிளப் கமிட்டியில நானும் இருக்கேன், பேசிட்டேன். அவரை வரச் சொல்லு."

மார்ச் 13, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். முதலில் மன்னிப்பு, பிறகு கிளப்.

"பேகனுக்கும் சாப்ஸுக்கும் நடுவுல நானா?"

"ஆமாப்பா."

"அவங்க என் பாட்டைக் கேக்க மாட்டாங்கடா."

"ஒருத்தர் கேட்டிருக்காருப்பா. நோலீன் வீட்டுக்காரர். பாட்டு முடியாம அவருக்குத் தூக்கம் வரலியாம்."

தூக்கம் வரவில்லை என்பது நான் சேர்த்தது. அப்பா எழுந்து உள்ளே போனார். ஆனால் இப்போது, நான் இதை எழுதும்போது, குளியலறையில் ஏதோ சத்தம் கேட்கிறது. குழாயாகவும் இருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

குழாய் இல்லை.

கிளப்பில் ஈ நுழைய இடமில்லை. முதல் தட்டு பல்மருத்துவருக்கு. அப்புறம் அப்பா. அந்த அரைப் பாட்டை முதலிலிருந்து தொடங்கி முழுதாக முடித்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட வந்தவரை, "இருய்யா, இன்னொண்ணு பாடட்டும்" என்று உட்கார வைத்தார்கள். கறியைக் காக்க வைத்தார்கள்! இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்பாதான். சம்பளம் ஒரு தட்டு.

கோடி இந்தப் பக்கங்களை ஒருநாள் எப்படியும் திருடிப் படிப்பான். அவன் வாயால் வெளியே வருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஒன்று: போன ஞாயிறு என்னை யாரும் தூக்கி எறியவில்லை. தட்டிலிருந்து கம்பளத்தில் சொட்டிய ரத்தத்தை நோலீன் கொடுத்த துணியால் மண்டியிட்டுத் துடைத்தேன். மேனேஜர் போதும் என்ற பிறகும் துடைத்தேன், நிமிர்ந்தால் முகம் தெரிந்துவிடும் என்பதால்.

இரண்டு: இன்று அப்பாவை அறிமுகப்படுத்த மைக்கை என்னிடம்தான் கொடுத்தார்கள். "வாய் நீளம் உனக்குத்தான், நாலு ஜோக் அடி" என்றார், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்த நோலீன். அப்பாவைப் பற்றிய ஜோக்குகள் வாரம் முழுக்கத் தயாரித்து வைத்திருந்தேன், எல்லாமே முதல் தரம். மேடையேறினேன். மொத்த ஊரும் என்னைப் பார்த்தது. அப்பாவும்.

"இவரு எங்கப்பா," என்றேன். மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். "நல்லா பாடுவாரு. எல்லாரும் உக்காருங்க."

எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள்.