வத்தகப்பழமும் ஸைனபின் சீட்டும்

மார்ச் 9, சனிக்கிழமை

மகள் ஸைனபுக்கு நான் வாங்கிய கார் சீட்டைப் பார்த்து என் கணவர் ஒரு கிழமையாகச் சிரித்தார். "பிள்ளைய ஏன் கட்டிப் போடுற? என்ட மடி இரிக்கிதானே," என்று இன்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. அவளைப் பின்னால் இருத்தி, பெல்ட் போட்டுவிட்டுத்தான் காரை எடுத்தேன்.

நுரைச்சோலையில் பச்சை வரி போட்ட பெரிய வத்தகப்பழம் ஒன்று வாங்கினோம். முன் சீட்டில் இருந்த இவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பாலாவிக்கு வரும் வழியில் மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மாடு தப்பியது. பழம் இவர் கையை விட்டுப் பறந்து, முன்னால் மோதி உடைந்தது. இவர் போட்டிருந்த சேட்டெல்லாம் சிவப்பு.

பதறித் திரும்பினேன். ஸைனப் சீட்டில் அப்படியே இருந்து கைதட்டினாள்.

"வாப்பா, இன்னொருக்கா!"

இவர் வெறும் மடியைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் அவளுடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அவள் இவர் கன்னத்தில் ஒட்டியிருந்த பழத்தை எடுத்துத் தின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்கும்தான்.

இப்போது கைக்குழந்தை உள்ள தம்பியோடு போனில் கதைக்கிறார்.

"ஓம் தம்பி, சீட்டு ஒன்டு வாங்குங்க. கையால புடிக்க ஏலா. நான் புடிச்சுப் பாத்துட்டன்."