நாற்பத்தேழாம் கார்டின் நிலை

மச்சான்,

என் கணக்குப் புத்தகத்திலிருந்து புது பிளாஸ்டிக் உறையின் வாசனை வருகிறது. காலையிலிருந்து எட்டுத் தரம் அதைத் திறந்து மூடிவிட்டேன். கணக்குக்காக இப்படித் திறந்திருந்தால் டீச்சர் மயங்கியிருப்பார். உள்ளே உன் டிராகன் கார்டு இருக்கிறது. எந்த டிராகன் என்று கேட்காதே, வருகிறேன்.

எல்லாம் தொடங்கியது தெப்ராவில், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். உன் விளையாட்டுக் கார்டு சேகரிப்பை இன்சூரன்ஸ் செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் எண், முன்னும் பின்னும் படம், நிலை எல்லாம் வேண்டும் என்று ஏஜெண்டு சொல்லியிருந்தார். உன் அம்மாவும் படிக்கட்டும் என்று நீ நோட்டில் தமிழிலேயே பட்டியல் எழுதினாய். நான் ரொட்டி சானாய் தின்ற கையோடு உட்கார்ந்து, "காப்பீடுன்னா காப்பி எடுத்து ஈடு கட்டுறதுதானடா?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

"மொதல்ல கையக் கழுவிட்டு வா லா, குரங்கு."

அந்தச் சிரிக்காத முகத்துக்காகத்தான் செய்தேன். டிராகனை முன்பே கைப்பேசியில் படமெடுத்து, கடையில் கலரில் அச்சடித்து, மட்டமான ஒரு கார்டின் மேல் ஒட்டி வைத்திருந்தேன். நீ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மாற்றிவிட்டேன். நாற்பத்தேழாம் எண்ணுக்கு நீ படமெடுத்தது என் காப்பியைத்தான். ஏஜெண்டு வரும் நாளில் போட்டு உடைப்பதாகத் திட்டம்.

அதற்குள் உனக்கு டெங்கி வந்தது. மீதிப் பட்டியலை எழுத நோட்டை வார்டுக்கே கொண்டுபோனாய். அசலைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் பார்க்க வந்தேன். கையில் ஊசி குத்தியிருந்தவனிடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் தரம் வர நீ இடம் வைக்கவில்லை; அதற்குள் போய்விட்டாய்.

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார். "தம்பி, ஏஜெண்டு வர்றாரு. நீதான கூட இருந்த. கார்டும் லிஸ்டும் ஒத்துப்போவுதான்னு பாத்துக் குடுப்பா." சொல்லாவிட்டால் ஏஜெண்டின் நகம் பட்டு ஒட்டு பிரிந்ததும் நீ ஏமாற்றுக்காரன். சொன்னால், உன் அப்பா சிங்கப்பூர் வேலையிலிருந்து வாங்கி வந்த கார்டைத் திருடியவன் நான்.

நேற்றுப் போனேன். யாரும் சொல்லாமலே கை கழுவினேன். உன் அம்மா பட்டியலைப் படிக்க, நான் கார்டுகளை எடுத்துக் காட்டினேன். நாற்பத்தாறு முடிந்ததும் நிறுத்தினேன். பையிலிருந்து அசலை எடுத்து மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை, சிலேடை இல்லாமல்.

அவர் திட்டவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பினார். சாய்ந்து சாய்ந்து போகும் ஆஸ்பத்திரிக் கையெழுத்து: 'எண் 47. நிலை: போலி. அசல் குரங்கு கையில், பத்திரம். அவனே கொண்டு வருவான். அதுவரைக்கும் கேக்காதீங்கம்மா.'

"நானும் கேக்கல," என்றார்.

பாவி. தெரிந்தும் நீ சிரிக்காமல் படமெடுத்திருக்கிறாய். என்னைவிடப் பெரிய கேடி நீதான்.

அசலுக்கு மறுபடி படமெடுத்து ஆல்பத்தில் வைத்தோம். காப்பியை, "இது உன்னோடது," என்று என்னிடமே கொடுத்துவிட்டார். அதற்குத்தான் இந்தப் புது உறை. இது தொலைந்தால் எந்த ஏஜெண்டும் ஈடு தரமாட்டார். அதனால்தான் புத்தகத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

உன்னைக் கைகழுவ முடியவில்லை, மச்சான். இரு, கையைக் கழுவிவிட்டு வருகிறேன். ஒன்பதாம் தரம் பார்க்க வேண்டும்.