ஒரு வரிச் சாட்சி

இயேசு மரி சூசை
திண்டிவனம், 9.9.2006

அன்புள்ள உங்களுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் கடிதம். நீங்கள் இருக்கும் விழுப்புரம் பக்கம்தான். ஆனாலும் அம்மா வீட்டிலிருந்து பஸ் ஏறக் கால் வரவில்லை.

ஒரு வேலை உண்டு. நம் எலிசாவை ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று கல்லறைத் தோட்டத்தின் வேலி ஓரமாக, சிலுவை இல்லாமல் புதைத்திருக்கிறார்கள். நான் அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீங்கள் அங்கே ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கப்போவதில்லை.

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் லூர்துநாதனிடம் நடந்ததைச் சொன்னேன். பிறந்த ஆஸ்பத்திரியிலேயே அவள் மூச்சுத் திணறியபோது, குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நானே ஞானஸ்நானம் கொடுத்ததை. உயிருக்கு ஆபத்தென்றால் சாமியார் இல்லாமல் யாரும் கொடுக்கலாமே.

"நான் நம்புறேம்மா. ஊரு நம்பணுமே. பெத்தவ இல்லாததயும் சொல்லுவான்னு பேசிக்கினு இருக்காங்க. ஒன் வூட்டுக்காரரு கூட நின்னாருல்ல? பாத்தேன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. நவம்பர் ரெண்டு, கல்லறத் திருநாளுக்குள்ள சிலுவ நட்டுடலாம்" என்றார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றீர்கள். ஒரு வரி போதும்.

மூன்று வேளையும் மெஸ்ஸிலேயே சாப்பிடாதீர்கள்.

உங்கள்
பவுலின்


விழுப்புரம், 20.9.2006

அன்புள்ள பவுலின்,

மெஸ் பரவாயில்லை. சாம்பார் மட்டும் புளிக்கிறது.

கல்லூரியில் ஒரு கட்டுரை படித்தேன். வருங்கால மனிதர்கள் பெரும் கணினிகளில் தங்கள் முன்னோரின் உலகத்தை அப்படியே ஓட்டிப் பார்ப்பார்களாம். அந்தப் பாவனை உலகத்து மனிதர்களுக்கு அது பாவனை என்று தெரியாது. அப்படிப்பட்ட உலகங்கள் எண்ணற்று ஓடினால், நாம் அசலில் இருப்பதைவிட ஏதோ ஒரு பாவனைக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். இயற்பியல் நடத்துகிறவன் நான். மறுக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அப்படியென்றால் எதைப் பார்த்தேன் என்று எழுதுவது? தண்ணீரும் கணினி போடும் கணக்கு. கண்ணும் கணக்கு.

கோபப்படாதே. இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஓடியதை நிறுத்தி முதலிலிருந்து ஓட்டலாம். அவள் மறுபடி பிறக்கலாம்.

ஜூட்


இயேசு மரி சூசை
திண்டிவனம், 1.10.2006

உங்களுக்கு,

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கம்பூட்டருக்கு இடுப்பு வலி எடுக்குமாமா? ஒன் புருசன ஒரு தபா பெத்துப் பாக்கச் சொல்லுடி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக உங்களுக்கு நன்றி.

நானும் கணிதம் படித்தவள். உங்கள் வாதத்தில் ஓட்டை தேடவில்லை. எல்லாம் பாவனையாகவே இருக்கட்டும். எனக்குப் பால் கட்டியது. வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். இப்போது தெருவில் பூக்காரி வந்தால் கதவைச் சாத்துகிறேன். இதை யார் ஓட்டுகிறார்களாம்?

முதலிலிருந்து ஓட்டினால் அவள் மறுபடி திணறுவாள். யாரிடமும் அதைக் கேட்டுவிடாதீர்கள்.

நான் உலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வரி கேட்டேன்.

பவுலின்


விழுப்புரம், 12.10.2006

பவுலின்,

நீ கேட்ட வரி இத்துடன் தனித்தாளில் இருக்கிறது, கையெழுத்தோடு. எழுதுவதில் எனக்கென்ன. பாவனைக்குள் இன்னொரு பாவனை. உன் ஊர் சமாதானமாகட்டும்.

தீபாவளிக்கு விடுமுறை. வரவா?

ஜூட்


இயேசு மரி சூசை
திண்டிவனம், 17.10.2006

ஜூட் அவர்களுக்கு,

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நடந்ததைச் சொல்லியே ஒருவர் பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அதை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டு வாசல்வரை போனேன். "கொண்டாந்துட்டியாம்மா?" என்றார். "இல்லீங்க. அவரு ஒண்ணும் பாக்கலியாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் நம்பாமல் எழுதிய வரியின்மேல் என் பிள்ளைக்குச் சிலுவை வேண்டாம். வேலி ஓரமாகவே கிடக்கட்டும். நீங்கள் வர வேண்டாம்.

பவுலின்


விழுப்புரம், 10.11.2006

பவுலின்,

உறையில் அனுப்பியதை வாங்க மறுத்துவிட்டாய். அதனால் கார்டு. தபால்காரரும் படிக்கட்டும்.

கல்லறைத் திருநாளன்று வந்திருந்தேன். எல்லாச் சிலுவைக்கும் வெள்ளை அடித்து மாலை போட்டிருந்தார்கள். நீ வேலி ஓரம் உட்கார்ந்திருந்தாய். கிட்டே வரத் துணிவில்லை.

பாதித் தண்ணீர் உன் விரலிடுக்கில் ஒழுகிப்போனது. மீதி அவள் நெற்றியில் விழுந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பிலிருந்து தப்பிக்கத்தான் எனக்கு ஓர் உலகமே பொய்யாக வேண்டியிருந்தது.

உபதேசியாரிடம் நேரில் சொன்னேன். "ஒங்க வூட்டம்மாவே நீங்க ஒண்ணும் பாக்கலன்னுட்டாங்களே சார். இப்ப வந்து மாத்திச் சொன்னா ஊரு சிரிக்காதா?" என்கிறார்.

இனி நீதான் எழுதித் தர வேண்டும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நான் நின்றேன் என்று. பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்று. ஒரு வரி.

ஜூட்